விலையைக் கணிக்கப் போட்டி வைத்தவர்: ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார்களுக்காக உலகைக் காத்திருக்க வைத்த சோய்ச்சிரோ ஹோண்டா யார்?

ஜப்பானில் ஒரு கார் கண்காட்சி நடந்தால் போதும், அடுத்த சில நிமிடங்களில் அந்தப் படங்கள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவரின் போனுக்கும், விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவரின் போனுக்கும் வந்துவிடுகின்றன. 2023 அக்டோபரில் டோக்கியோவில் நடந்த ஜப்பான் மொபிலிட்டி ஷோவில் ஹோண்டா ப்ரீலூட் கான்செப்ட், மஸ்டா ஐகானிக் எஸ்.பி. என்ற சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் எல்லாம் மேடையேறின. 2025 டிசம்பரில் டொயோட்டா தன் ஜி.ஆர். ஜி.டி.யைக் காட்டியது. எப்போது வரும், என்ன இன்ஜின், என்ன விலை என்று ரசிகர்கள் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள். வாங்கப் போகிறவர்களைவிடக் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

இந்தக் காத்திருப்பு இன்று நேற்று வந்ததில்லை. 60 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு காரைக் காட்டிவிட்டு அதன் விலை என்னவாக இருக்கும் என்று நாட்டு மக்களையே கணிக்கச் சொன்னார் ஒருவர். அதுவரை அவருடைய நிறுவனம் ஒரு கார்கூட விற்றதில்லை. அரசாங்கமோ கார் தயாரிப்பில் புதிய ஆட்களை விடுவதில்லை என்ற யோசனையில் இருந்தது. அவர் பெயர் சோய்ச்சிரோ ஹோண்டா. அவருடைய ஸ்போர்ட்ஸ் கார் ஆடம்பரத்துக்காகப் பிறந்தது இல்லை. கதவு மூடுவதற்குள் உள்ளே காலை வைக்கப் பிறந்தது.

நெடுஞ்சாலை ஊர்க்காரர்

1906 நவம்பர் 17 அன்று, ஹமமட்சு நகரத்தை ஒட்டிய கோம்யோ என்ற கிராமத்தில் பிறந்தார் சோய்ச்சிரோ. ஹமமட்சு தலைநகரம் இல்லை. டோக்கியோவிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தூரத்தில், டோக்கியோவையும் கியோட்டோவையும் இணைத்த டொகைடோ என்ற பழைய பெருவழியில் இருக்கும் ஊர். சென்னையிலிருந்து திருச்சி போகிற வழியில் திண்டிவனமும் விழுப்புரமும் இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய ஊர்களுக்குப் போகிறவர்கள் கடந்துபோகும் இடம்.

ஆனால் அந்த வழிப்போக்கு ஊர் சும்மா இருக்கவில்லை. சுசுகி நிறுவனம் 1909-ல் அங்கேதான் தறி இயந்திரத் தயாரிப்பாகத் தொடங்கியது. யமஹாவின் வேரும் அங்கேதான். நம் வீடுகளுக்கு வந்த மாருதி 800, இன்றும் இளைஞர்கள் தேடித் திரியும் ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா சி.டி. 100 ஆகிய மூன்றின் பூர்வீகத்தையும் தேடிப் போனால் அந்த ஒரே வட்டாரத்தில்தான் போய் நிற்போம்.

சோய்ச்சிரோவின் அப்பா கிஹெய் கொல்லர். பிறகு சைக்கிள் ரிப்பேரும் பார்த்தார். அம்மா மிகா நெசவு தெரிந்தவர். ஊருக்குள் முதன்முதலாகக் கார் ஒன்று வந்தபோது, சிறுவன் அதன் பின்னாலேயே ஓடினான். கார் நின்ற இடத்தில் சொட்டிய எண்ணெயை மோந்து பார்த்து, கையில் பூசிக்கொண்டான். 10 வயதில், ஆர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க விமானி ஹமமட்சுவில் சாகசம் காட்ட வந்தார். அப்பாவின் சைக்கிளைக் கேட்காமல் எடுத்து, சீட்டில் உட்காரக் கால் எட்டாததால் சட்டத்துக்குள் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டு அங்கே போனான். டிக்கெட்டுக்குக் காசு போதவில்லை. மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தான்.

குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை

15 வயதில் டோக்கியோவுக்குப் போய் ஆர்ட் ஷோகாய் என்ற கார் ரிப்பேர் பட்டறையில் சேர்ந்தார். ஸ்பேனர் கிடைக்கவில்லை, முதலாளியின் கைக்குழந்தைதான் கிடைத்தது. மாதக்கணக்கில் அதைத் தூக்கிச் சுமப்பதே வேலை. பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர்களுக்கு இது புரியும்.

1923 செப்டம்பர் 1 அன்று பெரும் நிலநடுக்கம் டோக்கியோவைப் புரட்டிப் போட்டது. தீ பரவ, பட்டறையில் நின்ற கார்களை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. சோய்ச்சிரோ முதன்முதலாகக் கார் ஓட்டியது அன்றுதான்.

பட்டறை முதலாளி யூசோ சகாகிபாராவுக்கு ரேஸ் மீது ஆசை. பழைய கர்டிஸ் விமான இன்ஜின் ஒன்றை எடுத்து, கார் சேஸிஸில் பொருத்தினார்கள். 1924 நவம்பரில் நடந்த போட்டியில் முதலாளியின் தம்பி வண்டி ஓட்ட, கூடவே உட்கார்ந்து போன மெக்கானிக் 18 வயது சோய்ச்சிரோ. அந்த வண்டி ஜெயித்தது. கண்காட்சி மேடையோ, விளக்கு வெளிச்சமோ எதுவும் இல்லை. ஆனால் இருக்கிற பொருட்களை வைத்து வேகமான ஒன்றைச் செய்து பார்ப்பது என்ற வகையில் அதுதான் அவர் கைபட்ட முதல் கான்செப்ட் கார்.

1928-ல் அதே பட்டறையின் கிளையை ஹமமட்சுவில் திறந்தார். மரத்தாலான சக்கர ஆரங்களுக்குப் பதில் வார்ப்பிரும்பு ஆரங்கள் செய்து காப்புரிமை வாங்கினார். கையில் காசு புரண்டது.

வேகம் கேட்ட முதல் விலை

1936 ஜூன் 7 அன்று, டோக்கியோ அருகே தமகாவா ஸ்பீட்வே ட்ராக்கின் தொடக்கப் போட்டி. ஃபோர்டு இன்ஜினை வைத்துத் தானே கட்டிய ஹமமட்சு என்ற காரில் இறங்கினார் சோய்ச்சிரோ. பக்கத்து சீட்டில் தம்பி பெஞ்சிரோ. வேகமாகப் போய்க்கொண்டிருந்தபோது இன்னொரு காருடன் மோதி, வண்டி தூக்கி வீசப்பட்டது. அண்ணனுக்குப் படுகாயம். தம்பிக்கு முதுகெலும்பில் அடி. சோய்ச்சிரோ ஓட்டுநராக ரேஸில் ஜெயிக்கும் கனவு கிட்டத்தட்ட அங்கேயே முடிந்தது.

அடுத்து பிஸ்டன் ரிங் தயாரிப்பில் இறங்கினார். செய்தது எல்லாம் உடைந்தன. உலோகம் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்ததும், 30 வயதில் ஹமமட்சு தொழிற்கல்லூரியில் போய் உட்கார்ந்தார். தனக்குத் தேவையான வகுப்புகளை மட்டும் கவனித்தார். தேர்வு எழுதவில்லை. கல்லூரி வெளியே அனுப்பியது. டொயோட்டாவுக்குக் கொடுத்த முதல் 50 ரிங்குகளில் 3 மட்டுமே சோதனையில் தேறின. இரண்டு ஆண்டுகள் பாடுபட்டுத்தான் தரத்தைப் பிடித்தார்.

போர் வந்தது. ஹமமட்சு ஆலை குண்டுவீச்சில் போனது. 1945 ஜனவரியில் வந்த நிலநடுக்கத்தில் இன்னொரு ஆலையும் இடிந்தது. மிஞ்சியதை டொயோட்டா குழுமத்துக்கு 4.5 லட்சம் யென்னுக்குக் கொடுத்துவிட்டு, சுமார் ஓராண்டு எந்தத் தொழிலும் செய்யாமல் இருந்தார்.

சைக்கிளில் மாட்டிய இன்ஜின்

போருக்குப் பிந்தைய ஜப்பானில் பெட்ரோல் தட்டுப்பாடு, ரயிலில் கூட்டம், சாப்பாட்டுக்கே அலைச்சல். ராணுவத்தின் வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தரப் பயன்பட்ட சின்ன ஜெனரேட்டர் இன்ஜின் ஒன்று 1946-ல் அவர் கண்ணில் பட்டது. அதைச் சைக்கிளில் மாட்டினார். படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவைதான் முதல் பெட்ரோல் டேங்க். பெண்களும் ஓட்ட முடிகிறதா என்று பார்க்க மனைவி சாச்சியை அதில் ஏற்றி ஊருக்குள் ஓட்ட வைத்தார்.

முண்டியம்பாக்கம் பக்கம் கரும்புக் காட்டுக்கும் வீட்டுக்கும் மொபெட்டில் போய்வரும் விவசாயிக்கு இந்த வண்டியின் அருமையைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. சுமார் 500 ராணுவ இன்ஜின்களும் வந்த வேகத்தில் தீர்ந்தன. பிறகு சொந்த இன்ஜின். 1948 செப்டம்பர் 24 அன்று 34 பேருடன் ஹோண்டா மோட்டார் கம்பெனி பதிவானது.

அடுத்த ஆண்டு டகேயோ ஃபுஜிசாவா வந்து சேர்ந்தார். பணம், விற்பனை எல்லாம் ஃபுஜிசாவா பார்த்துக்கொள்ள, இன்ஜின் மட்டும் சோய்ச்சிரோ. முதலாளி என்ற மிடுக்கு இல்லாமல் தொழிலாளிகள் போலவே வெள்ளை உடுப்பு போட்டுக்கொண்டு பட்டறையிலேயே கிடப்பார். அதற்காக அவர் தங்கமான முதலாளி என்று எழுதிவிட முடியாது. கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஆட்கள் மீது கை நீட்டவும் செய்தார். 1958-ல் வந்த சூப்பர் கப், ஒரு கையில் நூடுல்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் ஓட்டும் கடைப் பையன்களையும் மனதில் வைத்து உருவானது. 2017-க்குள் 10 கோடிக்கும் மேல் தயாரான வண்டி அது.

அறிவித்தது 1954, ஜெயித்தது 1961

1954 மார்ச்சில், பிரிட்டன் அருகே உள்ள ஐல் ஆஃப் மேன் தீவின் டி.டி. பைக் ரேஸில் ஹோண்டா கலந்துகொள்ளும் என்று அறிவித்தார். உலகின் கடினமான ரேஸ் அது. அப்போது கம்பெனி நிதி நெருக்கடியில் தள்ளாடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டே நேரில் போய்ப் பார்த்தவருக்கு அதிர்ச்சி. ஐரோப்பிய வண்டிகளின் சக்தி தன் வண்டிகளைவிடப் பல மடங்கு. கிடைத்த உதிரிப் பாகங்களை எல்லாம் வாங்கி மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்.

அறிவித்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1959-ல்தான் ஹோண்டா அங்கே போக முடிந்தது. 125 சி.சி. பிரிவில் 6-வது இடம். 1961-ல் 125, 250 என இரண்டு பிரிவுகளிலும் முதல் ஐந்து இடங்கள் ஹோண்டாவுக்கு.

கார் காட்ட என்ன அவசரம்?

கதையின் முக்கியத் திருப்பம் இங்கேதான். 1961-ல் ஜப்பானின் சர்வதேச வர்த்தக, தொழில் அமைச்சகம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. வெளிநாட்டு கார்களுக்குச் சந்தையைத் திறப்பதற்கு முன், உள்ளூர் கார் கம்பெனிகளைச் சில குழுக்களாக ஒன்றுசேர்க்க வேண்டும். புதிதாக யாரும் நுழைவதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் வந்துவிட்டால் பைக் கம்பெனியான ஹோண்டா கடைசிவரை பைக் கம்பெனிதான்.

சோய்ச்சிரோ அமைச்சக அதிகாரிகளிடம் போய்ச் சண்டை போட்டார். அதே நேரம், சட்டம் வருவதற்குள் கார் தயாரிப்பாளர் என்று காட்டிவிட வேண்டும் என்று 1962 ஜனவரியில் வேலையை முடுக்கினார். சுமார் ஐந்து மாதத்தில், 1962 ஜூனில், கட்டுமானத்தில் இருந்த சுசுகா ட்ராக்கில் டீலர்கள் முன்னால் எஸ்360 என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. அக்டோபரில் டோக்கியோ மோட்டார் ஷோவில் எஸ்360, எஸ்500 இரண்டும் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன.

காருக்குச் சிவப்பு அடிக்க வேண்டும் என்றார். தீயணைப்பு வண்டி போன்ற அவசர வாகனங்களோடு குழப்பம் வரும் என்று அரசு அந்த நிறத்தைத் தனியார் கார்களுக்கு விடவில்லை. ஒரு நிறத்தை அரசாங்கம் எப்படிச் சொந்தம் கொண்டாட முடியும் என்று பத்திரிகையிலேயே எழுதினார். கடைசியில் அனுமதி கிடைத்தது.

அடுத்தது அந்த விலைப் போட்டி. 1963-ல் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து, எஸ்500-ன் விலையைக் கணிக்கச் சொன்னது ஹோண்டா. 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில்கள் குவிந்தன. விலை 4,59,000 யென் என்று அறிவிக்கப்பட்டது. 531 சி.சி. இன்ஜின், 44 குதிரைத்திறன், பின்சக்கரங்களுக்கு பைக்கில் இருப்பது போலச் செயின்!

ஹோண்டா முதலில் விற்ற நான்கு சக்கர வண்டி எது என்று கேட்டால் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லத் தோன்றும். இல்லை. 1963 ஆகஸ்டில் வந்த டி360 என்ற குட்டி லோடு வண்டிதான் முதலில் வந்தது. நம்ம ஊர் குட்டி யானை மாதிரி ஒன்று, ஆனால் உள்ளே ஸ்போர்ட்ஸ் கார் இன்ஜின். எஸ்500 அக்டோபரில் வந்தது. எஸ்360 கடைசிவரை விற்பனைக்கு வரவே இல்லை. மேடையில் காட்டியதெல்லாம் ஷோரூமுக்கு வராது என்பதும் அந்தக் காலத்திலேயே தொடங்கிய கதைதான்.

அமைச்சகத்தின் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் 1964-ல் கைவிடப்பட்டது. அதற்குள் ஹோண்டா கார் கம்பெனி ஆகியிருந்தது.

மெக்ஸிகோ வெற்றி, ரூவான் மரணம்

1964 ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மனியில் ஹோண்டாவின் முதல் ஃபார்முலா 1 ரேஸ். முதல் காரை விற்கத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. 1965 அக்டோபர் 24 அன்று மெக்ஸிகோவில் ரிச்சி கின்தர் ஓட்டிய ஹோண்டா ஜெயித்தது. ஜப்பான் கார் ஒன்றுக்கு ஃபார்முலா 1-ல் கிடைத்த முதல் வெற்றி அது. 1967-ல் இத்தாலியில் ஜான் சர்டீஸ் இரண்டாவது வெற்றியைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை ஹோண்டா ரசிகர்கள் அதிகம் பேசுவதில்லை. இன்ஜினைத் தண்ணீரால் குளிரவைக்காமல் காற்றால் மட்டுமே குளிரவைக்க வேண்டும் என்பதில் சோய்ச்சிரோ பிடிவாதமாக இருந்தார். எடை குறையும், அமைப்பு எளிமையாகும் என்பது அவர் வாதம். அந்த எண்ணத்தில் உருவானது ஆர்.ஏ.302 ரேஸ் கார். அது ரேஸுக்குத் தயாராகவில்லை என்று சொல்லி ஓட்ட மறுத்தார் சர்டீஸ். 1968 ஜூலை 7 அன்று பிரான்ஸின் ரூவான் நகரில் நடந்த போட்டியில் அதை ஓட்டியவர் ஜோ ஷ்லெஸ்ஸர். மழை ஈரத்தில் கார் கட்டுப்பாட்டை இழந்து மோதி எரிந்தது. மெக்னீசியம் பாகங்கள் இருந்ததால் தீ கொழுந்துவிட்டது. ஷ்லெஸ்ஸர் அங்கேயே இறந்தார். அந்த ஆண்டோடு ஹோண்டா ஃபார்முலா 1-லிருந்து விலகியது.

அப்போதும் அவர் மாறவில்லை. 1969-ல் வந்த ஹோண்டா 1300 காரிலும் காற்றுக் குளிர்விப்புதான். இளம் இன்ஜினீயர்கள் கொதித்தார்கள். புகை மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாகப் போகின்றன, தண்ணீர் இல்லாமல் இன்ஜின் வெப்பத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாது என்றார்கள். அவர் காது கொடுக்கவில்லை. கடைசியில் ஃபுஜிசாவா குறுக்கிட்டார். கம்பெனித் தலைவராக இருக்கப் போகிறாரா, இன்ஜினீயராக இருக்கப் போகிறாரா என்று முடிவு செய்யச் சொன்னார். தலைவர் என்று பதில் வந்தது. அப்படியானால் இளைஞர்களைத் தண்ணீர் இன்ஜின் செய்ய விட வேண்டும். விட்டார்.

அந்த இளைஞர்கள் செய்ததுதான் சி.வி.சி.சி. இன்ஜின். அமெரிக்காவின் கடுமையான மாசு விதிகளை முதலில் எட்டியவற்றில் ஒன்று அது. 1972-ல் வந்த சிவிக் காரில்தான் அது உலகை வலம் வந்தது. அமெரிக்கப் பெருநிறுவனங்களை வீழ்த்த இது நல்ல சந்தர்ப்பம் என்று சோய்ச்சிரோ பேசியபோது, தாங்கள் உழைப்பது கம்பெனிக்காக மட்டும் இல்லை, சுத்தமான காற்றுக்காக என்று இன்ஜினீயர்கள் சொன்னார்கள். தன் காலம் முடிந்தது என்று அவருக்குப் புரிந்தது. 1973-ல், 66 வயதில், ஃபுஜிசாவாவும் அவரும் சேர்ந்தே பதவி விலகினார்கள். பிள்ளைகள் யாரையும் கம்பெனிக்குள் கொண்டுவரவில்லை. நாற்காலி 45 வயது இன்ஜினீயர் கியோஷி கவாஷிமாவுக்குப் போனது. ஜப்பான் முழுக்க இருந்த சுமார் 700 ஹோண்டா இடங்களுக்கு நேரில் போய் ஊழியர்களுக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார்.

பிறகு?

1983-ல் ஹோண்டா மீண்டும் ஃபார்முலா 1-க்குத் திரும்பியது. 1988-ல் மெக்லாரன்–ஹோண்டா கூட்டணி 16 ரேஸ்களில் 15-ஐ வென்றது. 1990-ல் என்.எஸ்.எக்ஸ். ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. 1991 ஆகஸ்ட் 5 அன்று, 84 வயதில் சோய்ச்சிரோ காலமானார். கார் கம்பெனியை நடத்தியவனின் இறுதி ஊர்வலத்தால் ரோட்டில் டிராபிக் ஜாம் ஆகக் கூடாது என்று முன்பே சொல்லி வைத்திருந்ததால், கம்பெனி சார்பில் பெரிய இறுதிச் சடங்கு நடக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் ஹங்கேரியில் நடந்த ரேஸில் கையில் கறுப்புப் பட்டை கட்டி ஓட்டிய அயர்டன் சென்னா வெற்றி பெற்றார்.

ஹமமட்சுவின் தாக்கம் தமிழ்நாட்டு ரேஸ் ட்ராக்குகளிலும் உண்டு. 1980-களின் கடைசியில் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவர்தன், மாருதி 800 இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். கையில் கிடைத்த இன்ஜினை வைத்து வேகமான ஒன்றைச் செய்யும் அதே வழி. அந்த வகைக் காரில் ரேஸ் வாழ்க்கையைத் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2019 நவம்பர் 24 அன்று ஜப்பானின் ஃபூஜி ட்ராக்கில் நடந்த சிறப்புப் போட்டி ஒன்றில் ஜெயித்தார். அவர் ஓட்டியது ஹோண்டா என்.எஸ்.எக்ஸ்.

காத்திருப்பவர்கள் என்ன பார்க்க வேண்டும்?

எஸ்500 மேடையில் தெரிந்தது 1962 அக்டோபர். கடைக்கு வந்தது 1963 அக்டோபர். சரியாக ஓராண்டு. ப்ரீலூட் கான்செப்ட் தெரிந்தது 2023 அக்டோபர். ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 2025 செப்டம்பர். விலை 60 லட்சம் யென்னுக்கு மேல். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. இன்று பாதுகாப்பு, மாசு விதிகளுக்கான சோதனைகள் அன்றைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் இந்தத் தாமதத்தில் நியாயம் உண்டு.

அதனால் அடுத்த முறை புதிய கான்செப்ட் படம் போனுக்கு வந்தால், வடிவத்தை ரசித்த பிறகு மூன்று விஷயங்களைத் தேடலாம். விற்பனை ஆண்டைச் சொல்லியிருக்கிறார்களா? இன்ஜினோ மோட்டாரோ, அதன் அளவைச் சொல்லியிருக்கிறார்களா? எந்தெந்த நாடுகளுக்கு என்று சொல்லியிருக்கிறார்களா? மூன்றும் இருந்தால் அது எஸ்500 வகை, நம்பிக் காத்திருக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் எஸ்360 ஆகவும் போகலாம்.

வந்த பிறகு ஓட்டிப் பார்க்கும் இடம் எது என்பதையும் அந்த வாழ்க்கை சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. தமகாவாவில் தம்பியின் முதுகெலும்பையும் ரூவானில் ஓர் உயிரையும் வேகம் கேட்டது. அவை ரேஸுக்கென்றே போட்ட தடங்கள். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவே உள்ள ரோட்டிலோ கரும்பு டிராக்டரும், அரசுப் பேருந்தும், சைக்கிளில் குறுக்கே வரும் பள்ளிப் பிள்ளையும் இருக்கிறார்கள். வேகம் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் இருக்கிறது.